பஸ் சாரதியின் கண்கள்

லண்டனில் நான் பஸ் ஓட்டத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. அதற்குப் பிறகுதான் இந்த வேலை கிடைத்தது. 45 வயது நெருங்கியபோது என் தூக்கம் போனது. இங்கே பஸ், லொறி ஓட்டுபவர்கள் அந்த வயதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து டி4 என்னும் படிவத்தை ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். 65 வயதிலிருந்து ஆண்டுதோறும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் எதுவும் எனக்கில்லை. பயமெல்லாம் கண்ணைப் பற்றித்தான். அப்பாவுக்குக் குளுக்கோமா. பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது அவருக்கே தெரியவில்லை. கிணற்றடியில் வாளி தடுக்கி விழுந்த பிறகுதான் மருத்துவரிடம் போனார். அதற்குள் இழந்தது திரும்பி வரவில்லை.

கார் ஓட்ட 6/12 பார்வையும் (சாதாரணக் கண் 12 மீட்டரில் வாசிப்பதை 6 மீட்டரிலாவது வாசிப்பது), 20 மீட்டர் தூரத்தில் இலக்கத் தகட்டை வாசிக்கும் திறனும் வேண்டும். பஸ்ஸுக்கு ஒரு கண்ணில் 6/7.5, மற்றதில் குறைந்தது 6/60 வேண்டும். கண்ணாடி போட்டு எட்டினாலும் சரிதான். என் பழைய கண்ணாடியில் கீழ்வரிசை எழுத்துகள் கலங்கின. வில்லையை மாற்றியதும் தெளிந்தன.

அப்பாவின் நோயைச் சொன்னதால் பரிசோதகர் என்னை இன்னொரு கருவியின் முன் உட்கார வைத்தார். நடுவிலுள்ள புள்ளியையே பார்த்தபடி, எங்காவது சின்ன வெளிச்சம் மின்னினால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சம் தெரிந்ததா, தெரிந்ததாக நினைத்தேனா என்று எனக்கே குழப்பம். ஊகித்து அழுத்தினால் கருவி கண்டுபிடித்துவிடும் என்றார். பஸ் சாரதிக்குப் பார்வைப் பரப்பு கிடையாக 160 பாகையாவது இருக்க வேண்டும். இடப்பக்கம் உரசி வரும் சைக்கிள்காரரும், நடைபாதையிலிருந்து இறங்கும் குழந்தையும் அந்த ஓரத்தில்தானே இருக்கிறார்கள்?

என் பரப்பில் குறையில்லை. ஆண்டுக்கொருமுறை வரச் சொன்னார்.

எங்கள் ஆட்கள் சிலர் வேலை போய்விடும் என்று குடும்ப நோயை மறைக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. இங்கிலாந்தில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருந்தால் 40 வயதிலிருந்து கண் பரிசோதனை இலவசம். நேரத்தோடு கண்டால் சொட்டு மருந்தால் பார்வையைக் காக்க வழியுண்டு.

அன்றிரவே கனடாவில் லொறி ஓட்டும் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். “எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது, அண்ணா” என்றான்.

“அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அடுத்த கிழமை போவதாகச் சொன்னான்.