நோயாளி வேஷம்: ஒரு பயிற்சி நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

மூன்று வாரத்துக்கு நான் 52 வயதுப் பெண். கழுத்துக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து, பயாப்சி முடிவுக்காக வார்டில் படுத்திருப்பவள். எட்டு டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து புற்றுநோய் என்று சொல்ல வேண்டும். வாயால் சொல்வதை ஏற்கெனவே படித்துவிட்டார்கள். இந்தப் பயிற்சி கண், கை, முதுகு, குரலுக்கு.

"ஒரே நாளில் எட்டு தடவை புற்றுநோயா? இதெல்லாம் ஒரு வேலையா?" என்கிறார்கள் வீட்டில். வேலைதான். 1963-இல் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் டாக்டர், மாணவர்களைச் சோதிக்க ஒரு பெண்ணுக்கு நோயாளியாக நடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வம்சத்தில் வந்தவள் நான்.

மார்ச் 4, செவ்வாய்

நேற்று எடுத்த வீடியோக்களைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார் பயிற்சியாளர். ஒரு டாக்டர் "பயப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்" என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படத்தில் பார்த்தால் அவர் ஒரு கால் வாசலை நோக்கித் திரும்பியிருக்கிறது, கட்டைவிரல் பேனாவை அழுத்தி அழுத்தி எடுக்கிறது. அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். "அவசரமே இல்லை மேடம், சத்தியமா" என்றார். நம்புகிறேன். ஆனால் படுத்திருந்தபோது நம்பவில்லை.

அப்புறம் படத்தை மறைத்துக் குரலை மட்டும் கேட்டோம். உளவியலாளர் நளினி அம்பாடியின் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வைப் பயிற்சியாளர் சொன்னார். அறுவை சிகிச்சை நிபுணர்கள் நோயாளிகளிடம் பேசியதிலிருந்து பத்துப் பத்து நொடித் துண்டுகள். சொற்கள் புரியாதபடி வடிகட்டிவிட்டுத் தொனியை மட்டும் மிச்சம் வைத்தார்கள். குரலில் அதிகாரம் தெறித்தவர்கள்மேல்தான் நோயாளிகள் முன்பு வழக்குப் போட்டிருக்க அதிக வாய்ப்பு இருந்தது. அதன்பின் அறையில் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள். தேநீர் கேட்டபோதுகூட!

மார்ச் 6, வியாழன்

இன்று முழுக்க நாற்காலி.

கட்டிலில் படுத்துக்கொண்டு, நிற்கிற டாக்டரை நிமிர்ந்து பார்த்தால் முகமா தெரிகிறது? மோவாயும் மூக்குத் துவாரமும்தான். உட்கார்ந்தவுடன் அதே ஆள் மனிதராகிவிடுகிறார்.

கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். நின்றபடி பேசியபோது டாக்டர் செலவிட்டது சராசரியாக 1 நிமிடம் 28 நொடி; நோயாளிகளுக்குத் தோன்றியது 3 நிமிடம் 44 நொடி. உட்கார்ந்து பேசியது 1 நிமிடம் 4 நொடிதான், அதாவது இன்னும் குறைவு. தோன்றியதோ 5 நிமிடம் 14 நொடி. "நேரம் எங்கே இருக்கு?" என்று முதல் நாளிலிருந்து முனகிக்கொண்டிருந்தவர் இதை இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டார்.

மார்ச் 10, திங்கள்

வெளியிலிருந்து ஒருவர் வந்து, பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான் என்றார். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனின் அந்த எண் 1967-இல் நடந்த, விருப்பு வெறுப்பைப் பற்றிய சிறு சோதனைகளிலிருந்து வந்தது. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தும் என்றால் பயாப்சி முடிவைச் சைகையிலேயே சொல்லிவிடலாமே. நான் இதை அவரிடம் சொல்லவில்லை, நோயாளிக்கு வாய் கிடையாது.

மார்ச் 14, வெள்ளி

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஹெலன் ரீஸ் வகுத்த ஏழு அம்சங்கள் இன்றைய மதிப்பெண் தாளில்: கண் பார்வை, முகத் தசை, உட்காரும் விதம், நோயாளியின் உணர்ச்சியைக் கவனிப்பது, குரல், முழுதாகக் கேட்பது, கடைசியாக, இதெல்லாம் தனக்குள் என்ன செய்கிறது என்று டாக்டரே பார்த்துக்கொள்வது.

ஒரு பெண் டாக்டர் ஏழையும் செய்தார். நான் மூச்சு விட்டாலும் தலையாட்டினார். 'புற்றுநோய்' என்று சொல்லி, மனதுக்குள் மூன்று எண்ணி, என் கையைத் தொட்டார். எண்ணியது எனக்குக் கேட்டது போலவே இருந்தது. தாளில் எல்லாவற்றுக்கும் டிக் போட வேண்டியதாயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து வந்தவர் பேனா டாக்டர். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை அவருக்கு. முடிவைச் சொன்னார், கோப்பை மூடிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார், சும்மா இருந்தார். பத்து நொடி இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வேஷத்தில் அழுகை கிடையாது. எத்தனை மதிப்பெண் என்று பயிற்சியாளரும் நானும் அரை மணி நேரம் சண்டை போட்டோம். மூடிய கோப்புக்குத் தாளில் இடமே இல்லை.

மார்ச் 20, வியாழன்

கடைசிச் சுற்று. யாரோ நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டார்கள். முதல் மூன்று டாக்டர்களும் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள், பேனா டாக்டர் உட்பட.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2023-இல் இதே கதை ஓர் ஆய்வாக வந்தது. டாக்டர்களுக்குத் தெரியாமல் நாற்காலியைக் கட்டில் பக்கத்தில் போட்டு வைத்தால் 63 சதவீதம் பேர் உட்கார்ந்தார்கள். வழக்கமான இடத்தில் விட்டபோது 8 சதவீதம்.

நான்காமவர் வருவதற்குள் எழுந்து நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.