தமிழாசிரியரின் பீரோவும் அம்மாவின் திருத்தங்களும்

மூணாற்றில் நாம் படித்த பள்ளியில் ஆசிரியர் அறையை ஒட்டி, பூட்டுச் சரியாக விழாத ஓர் இரும்பு பீரோ நின்றது பலருக்கு நினைவிருக்கும். அதிலிருந்த நூல்கள் பள்ளி நூலகக் கணக்கில் சேராதவை. நம் தமிழாசிரியர் போடிமெட்டு வழியாக மலையிறங்கி மதுரைக்குப் போகும்போதெல்லாம் தம் சம்பளத்தில் வாங்கி, துண்டில் கட்டி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவை அவை. 1985ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அந்தப் பீரோவைத் துடைத்து அடுக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். மூணாறு மழையில் நூல்களில் பூஞ்சை பிடிக்கும். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் அவற்றைத் திண்ணையில் விரித்துக் காயவைக்க வேண்டும். காயவைக்கும் சாக்கில்தான் படிக்கத் தொடங்கினேன்.

மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த, கெட்டி அட்டை போட்ட மலிவு நூல்கள் அங்கே பாதிக்கு மேல் இருந்தன. மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கையைப் பெரியார் 1931இலேயே ‘குடி அரசு’ இதழில் தமிழில் வெளியிட்டார் என்று ஆசிரியர் சொன்னபோது, அந்தச் செய்தி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அறிக்கையும் அப்போது பாதிதான் புரிந்தது. என்னைப் பிடித்து உட்கார வைத்தவை கதைகளே. கார்க்கியின் ‘தாய்’ நாவலை ரகுநாதன் தமிழாக்கத்தில் படித்தேன். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை அது. நம் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்களும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இதே போலக் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் சொல்லை நம்பி வந்தவைதாம். அவர்கள் ஏறிய மலை மட்டுமே வேறு.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாலையில் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, இடுப்பில் கட்டும் படுதாவை அவிழ்த்துக் காயப்போட்டு, அடுப்பு மூட்டிய பிறகு, சிம்னி விளக்கின் அருகில் உட்கார்ந்து நான் உரக்கப் படிப்பேன். அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார். ‘தாய்’ நாவலில் பாவெலின் தாய் தொழிற்சாலைக்குள் உணவு விற்கப் போகும் சாக்கில் துண்டறிக்கைகளை மறைத்து எடுத்துச் செல்லும் இடம் வந்தபோது, முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “சோத்துச் சட்டிக்குள்ள எவன் கைய விட்டுப் பாப்பான்? வெவரமான பொம்பள” என்றார். அந்தப் பக்கத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

‘துன்பக்கேணி’ முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி வேறு. “எல்லாஞ் சரிதான் தம்பி. கொழுந்து நிறுக்குற எடத்தப் பத்தி அவரு ஒண்ணும் எழுதலயா?” அவர் வேலை செய்த தோட்டத்தில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கணக்கில் கழித்த பிறகே எடையை எழுதுவார்கள். மழையில் நனைந்த கொழுந்துக்குக் கழித்தால் நியாயம் உண்டு. வெயில் காய்ந்த மாசியிலும் அதே கழிவுதான். தராசு முள் அசைந்து நிற்பதற்குள் சாக்கை இறக்கிவிடுவதை அம்மா கையால் நடித்துக் காட்டினார். மறுநாள் இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மா சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு வா” என்றார். நான்கு பக்கம் எழுதினேன். இலக்கிய மன்றத்தில் அதைப் படித்தபோது, முன்வரிசையில் இருந்த மாணவிகள் இருவர் அழுதனர். நான் எழுதிய முதல் கட்டுரை அதுவே.

நாம் படித்த மலைக்கு இந்த அரசியல் புதிதன்று என்பதையும் அந்த ஆசிரியரிடமே அறிந்தேன். 1956ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது நம் மூணாறு அடங்கிய தேவிகுளம் வட்டமும் பீர்மேடு வட்டமும் கேரளத்தோடு நின்றன. 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தோட்டம் தோட்டமாகப் பாடினார், ரோசம்மா வென்றார். மலையாளம் தெரியாத வாக்காளர்களிடம் தமிழ்ப் பாட்டு போய்ச் சேர்ந்தது. படிப்பறிவு இல்லாத லயத்தில் பாட்டும், உரக்கப் படிப்பதுமே நூலாக இருந்தன என்பதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

சார்ஜாவுக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் எதையும் படிக்கவில்லை. 2008இல் ஊரிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் ‘எரியும் பனிக்காடு’ நாவலைக் கொண்டு வந்து தந்தார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கி, 2007இல் வெளிவந்த நூல் அது. கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில் சிக்கி மலையேறுவதும், காய்ச்சலில் ஆட்கள் மடிவதும், கணக்கு முடிக்கும் நாளிலும் கடன் மிஞ்சியே நிற்பதும் அதில் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் தொலைபேசியில் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அதற்குள் அவர் ஓய்வு பெற்று, லயத்தை ஒப்படைத்துவிட்டு, சங்கரன்கோவில் அருகே தம் பாட்டனார் ஊருக்குப் போயிருந்தார். கடன் கணக்கு வரும் பக்கங்களில் அவர் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. “எங்கம்மா சொன்ன மாதிரியே இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

இந்த நூல்களின் மீது எனக்கு இன்றும் ஆறாத ஒரு குறை உண்டு. முதலாளியையும் தொழிலாளியையும் அவை நன்றாகவே காட்டின. தொழிற்சங்கம் என்று ஒன்று வந்தபின், கூட்டத்தில் மேடையேறியவர்கள் ஆண்களாகவும் கொழுந்து எடுப்பவர்கள் பெண்களாகவும் ஏன் இருந்தார்கள் என்று நான் படித்தவற்றுள் ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கேட்டவர்கள் 2015 செப்டம்பரில் மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்கள். நாள் கூலி 232 ரூபாயாக இருந்தது. போனஸ் 10 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 20 விழுக்காடு போனஸும் 500 ரூபாய் கூலியும் கேட்டு, ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டு, சங்கத் தலைவர்களை அருகில் வரவிடாமல் 9 நாட்கள் அவர்கள் அங்கே இருந்தார்கள். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 விழுக்காடு கிடைத்தது. கூலி பின்னர் 301 ரூபாயானது. கேட்ட 500 வரவில்லை. சின்னம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தார். கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, முழக்கத்தை என்னைக் கேட்க வைத்தார். என்ன படித்திருக்கிறேன் என்று அன்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: “அங்க உக்காந்திருந்த பிள்ளைக பேர யாராவது எழுதி வைக்கிறாங்களா தம்பி?” அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். சின்னம்மாவும் அவருடன் கொழுந்து எடுத்தவர்களும் தொலைபேசியில் சொல்வதை, அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி வருகிறேன். இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும் விடிகாலையிலிருந்து தராசு வரைக்கும் எழுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். சென்ற வாரம், சாக்கைத் தலையில் தூக்கிவிடும் பெண்ணின் பெயரை நான் விட்டுவிட்டதாகச் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்.