மைத்ரிக்கு வந்து சேர்ந்தேன்

நவம்பர் 11, கேப் டவுன்

அண்டார்டிகாவில் இருக்கும் நம் ஆய்வு நிலையம் மைத்ரிக்குப் போக இன்றும் விமானம் இல்லை. குழுத் தலைவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அங்கே நாங்கள் இறங்க வேண்டிய நோவோ ஓடுதளத்தில் பலத்த காற்றாம். இங்கேயோ நல்ல வெயில். நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற காற்றுக்காக அரைக்கைச் சட்டையோடு கடற்கரையில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் கேட்டால் ‘இன்னும் போகலையா?’ என்கிறார்கள். இமயமலையில் ஔலியில் பனியில் உருண்டு பயிற்சி எடுத்தவன், இங்கே ஐஸ்கிரீம் தின்கிறேன்.

நவம்பர் 13, இரவு

திடீரென்று அழைப்பு. பதினொரு மணிக்குப் புறப்பாடு. ஐ.எல்-76 சரக்கு விமானம். நடுவில் வலைபோட்டு இறுக்கிய சாமான்கள், மிச்ச இடத்தில் நாங்கள். சத்தத்தில் பேச முடியாது, எல்லாம் சைகைதான்.

இறங்குவதற்கு முன் குளிர் உடைக்கு மாறச் சொன்னார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒற்றைக் காலில் நொண்டினோம். அத்தனையும் மாட்டிய பிறகு எனக்குக் குனிய வரவில்லை. பக்கத்திலிருந்த சமையல்காரர் என் பூட்ஸ் லேஸைக் கட்டிவிட்டார், அவர் ஜிப்பை நான் இழுத்துவிட்டேன்.

நவம்பர் 14, மைத்ரி

ஓடுதளமே பனிக்கட்டிதான். சோடா பாட்டில் மாதிரி நீலம். விமானம் உறுமிக்கொண்டே வெகுதூரம் ஓடி நின்றது. இறங்கி நாலு அடி வைப்பதற்குள் கண் கூசி நீர் கொட்டியது. கறுப்புக் கண்ணாடியைப் பையின் அடியில் வைத்த புத்திசாலி நான்தான்.

அப்புறம் பிஸ்டன் புல்லி என்ற பனி வண்டியில் குலுங்கல். வெள்ளை முடிந்து சட்டென்று பழுப்புப் பாறை. ஷிர்மாகர் ‘சோலை’ என்று பெயர், ஒரு மரம் கிடையாது. ஆனால் இந்தப் பாறைதான் முக்கியம். 1983-ல் பனி அடுக்கின் மேல் கட்டிய நம் முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரியைப் பனியே மூடிவிட்டது. அதனால்தான் 1989-ல் மைத்ரியைக் கெட்டித் தரையில், கால்கள் வைத்து நிறுத்தினார்கள்.

குளிர்காலம் முழுக்க இங்கேயே இருந்தவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். கண் என்னவோ எங்கள் காய்கறிப் பெட்டிகள்மேல். தாடிக்காரர் ஒருவர் தக்காளியை எடுத்து, ரொம்ப நேரம் மோந்து பார்த்துவிட்டு, அப்படியே கடித்தார். சாறு தாடியில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

நவம்பர் 17

இருட்டுவதே இல்லை. ஜன்னலில் அட்டை ஒட்டியும் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறது. காற்று அவ்வளவு வறட்சி. கதவுப் பிடியைத் தொட்டாலே சுளீரென்று ஷாக்.

தாடிக்காரர்தான் ஜெனரேட்டர் மெக்கானிக். ‘பாஜி’ என்றே எல்லாரும் கூப்பிடுகிறோம். அவரிடமிருந்துதான் பொறுப்பை வாங்க வேண்டும். மின்சாரம் நின்றால் சூடு நிற்கும், பிரியதர்ஷினி ஏரித் தண்ணீர் குழாயிலேயே உறையும் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஜெனரேட்டர் சத்தம் துளி மாறினாலும் தூக்கத்தில் எழுந்துவிடுவாராம்.

நேற்று இரவு நான் மூன்று தடவை எழுந்தேன். சத்தம் மாறவில்லை. பாஜி குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார்.