47 வயதில் பி.எஸ்.ஏ. பரிசோதனை கேட்டபோது

என் கணவர் லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். மாமனார் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோயில் போனதைக்கூட அந்த வீட்டில் அரசல்புரசலாகத்தான் பேசுவார்கள். பிரிட்டனில் பொதுவாக 8 ஆண்களில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. கருப்பின ஆண்களில் 4 பேரில் ஒருவருக்கு. அப்பாவுக்கும் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால் அந்தச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கேட்டுவிட்டு, "அறிகுறி ஒன்றும் இல்லையே, 50க்கு அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஆரம்பத்தில் அறிகுறியே காட்டாமல் இருப்பதுதானே இந்த நோயின் குணம்! பெண்களுக்கு மார்பகப் பரிசோதனைக்கு வருவது போல இதற்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அழைப்புக் கடிதம் கிடையாது. 50 தாண்டியவர்கள் கேட்டால் எடுப்பார்கள். அறிகுறி இல்லாதவரிடம் மருத்துவர் தானாகப் பேச்சை எடுக்கக் கூடாது என்பதுதான் நாங்கள் போனபோது இருந்த வழிகாட்டுதல். அழுத பிள்ளைக்குத்தான் பால். 50 என்ற எல்லையும் எல்லா இனத்தவருக்கும் ஒன்றுதான். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். கருப்பின ஆண்களுக்கு இது இளவயதிலேயே வருவதை அந்த நியாயம் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். கருப்பின ஆண்கள் 45லிருந்தே ஜி.பி.யிடம் பேச வேண்டும் என்று 'புரோஸ்டேட் கேன்சர் யுகே' அமைப்பு சொல்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய், "மறுப்பதானால் காரணத்தை இவர் ஃபைலில் எழுதிவிடுங்கள்" என்றேன். எழுதவில்லை, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு கொடுத்தார்.

ரத்தம் கொடுக்கும் முன் 48 மணி நேரம் சைக்கிளும் உடலுறவும் கூடாது. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஏறினார். அளவு 3.1 வந்தது. 40களில் இருப்பவருக்கு 2.5ஐத் தாண்டினாலே அவசரமாக மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அப்புறம் எல்லாம் வேகம்தான். முதலில் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் வந்ததால் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஊசி செலுத்திச் சதைத் துணுக்குகள் எடுக்கிறார்கள். வலியைவிட அந்த 'டக் டக்' சத்தம்தான் பிடிக்கவில்லையாம். சில வாரங்களுக்கு விந்தில் ரத்தம் தெரியலாம். முன்பே சொல்லிவிட்டதால் பதறவில்லை.

புற்றுநோய்தான், ஆனால் கிளீசன் 6 (நோயின் தீவிரத்தைக் காட்டும் மதிப்பெண்), மெதுவாக வளர்கிற வகை. அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ இப்போதைக்கு இல்லை, பி.எஸ்.ஏ.வும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துக் கவனித்து வருகிறார்கள்.

கொழுந்தனுக்கு இந்த வருடம் 45. "எனக்கு ஒன்றும் இல்லை அண்ணி" என்று நழுவப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஜி.பி.க்கு போன் போட வைத்தேன்.