உண்டிவில்லுக்குள் இருக்கும் உண்டை

கவட்டை, உண்டிவில், சுண்டுவில், ஈழத்தில் கெட்டப்போல் என்று ஊருக்கு ஒரு பெயர். இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, சங்க காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். இல்லை. ஒய் வடிவக் கவையில் ரப்பர் கட்டிய கவட்டைக்கு ரப்பர் வேண்டும். வெயிலில் இளகாத, குளிரில் இறுகாத வல்கனைஸ்டு ரப்பருக்கு சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1844-இல்தான். தினைப்புனத்தில் கிளி விரட்டிய கவண் வேறு கருவி. அது கயிற்றில் கல்லை வைத்துச் சுழற்றி ஒரு முனையை விடுவது.

உண்டிவில் என்ற பெயர் இவை இரண்டிலிருந்தும் வரவில்லை. அது உண்டைவில்லின் மருவு. அம்புக்குப் பதில் மண் உருண்டையை எய்யும் நிஜ வில் அது. நாணின் நடுவில் உண்டை வைக்க ஒரு சிறு பட்டை இருக்கும். ‘கூனே சிதைய உண்டை வில் நிறத்தில் தெறித்தாய் கோவிந்தா’ என்று நம்மாழ்வார் பாடுவது இந்த வில்லைத்தான். சின்ன வயதில் இராமன் அடித்த உண்டையை மறக்காத கம்பனின் மந்தரையும் இதே வில்லிடம்தான் அடி வாங்கினாள். ரப்பர் வந்தபின் வில் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எந்திர வில்லுக்கும் ஒரு பழைய சாட்சி உண்டு. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அடுக்கும்போது வளைவிற்பொறியைச் சொல்கிறது. தானே வளைந்து எய்யும் வில் என்பது உரை. தண்டில் கிடக்கும் வில்லை விசை தட்டி எய்யும் குறுக்குவில்லுக்கு (கிராஸ்போ) உறவாக இருக்கலாம். விசை எப்படி வேலை செய்தது என்று பாட்டு சொல்லாததால், குறுக்குவில்லேதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சீனாவில் அந்தச் சந்தேகம் இல்லை. முதல் பேரரசனின் சுடுமண் படையோடு குறுக்குவில்லின் வெண்கல விசைகளே கிடைத்திருக்கின்றன.

இனி கவட்டை செய்யும் முறை. கவைக்கு கொய்யா அல்லது புளி. பச்சைக் கிளையை வெட்டிப் பட்டையோடு நிழலில் மூன்று நான்கு வாரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் கிளை பிரியும் இடத்தில் விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல்தான் முழு இழுப்பில் முகத்துக்கு நேரே உடையும்.

ரப்பர் விஷயத்தில் பழைய ஆட்கள் சிவப்பு டியூப்பைத் தேடியதற்குக் காரணம் உண்டு. இப்போதைய கறுப்பு சைக்கிள் டியூப் பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். காற்றை நன்றாகப் பிடிக்கும், ஆனால் இழுத்துவிட்டால் மந்தமாகத்தான் திரும்பும். இயற்கை லேடெக்ஸ் பட்டைதான் சரி. 0.6 மி.மீ. தடிமன் இருந்தால் கவைப் பக்கம் 20 மி.மீ., உண்டையைப் பிடிக்கும் தோல் பக்கம் 12 மி.மீ. அகலமாகச் சாய்வாக வெட்டுங்கள். தோல் பக்கம் குறுகினால் நகரும் எடை குறையும், வேகம் கூடும். கவையிலிருந்து கன்னம் வரை 80 செ.மீ. இழுப்பவர் கட்டுக்குக் கட்டு 20 செ.மீ. வைத்தால் பட்டை நான்கு மடங்கு நீளும். பழகுபவருக்கு அது போதும். 16 செ.மீ. வைத்தால் ஐந்து மடங்கு. வேகம் அதிகம், ஆயுள் குறைவு. முடிச்சுக்கு இரு முனையிலும் இரண்டு செ.மீ. சேர்த்து வெட்ட மறக்காதீர்கள். இரண்டு பட்டையும் ஒரே நீளம் இல்லாவிட்டால் உண்டை ஒரு பக்கமாகவே போகும். குறி தப்புகிறது என்று கையைக் குறை சொல்வதற்கு முன் அளந்து பாருங்கள்.

8 மி.மீ. எஃகு உண்டை சுமார் 2 கிராம். நொடிக்கு 60 மீட்டரில் போனால் நான்கு ஜூல் அளவுக்கு ஆற்றல். தகர டப்பாவை நசுக்கும், கண்ணை எடுத்துவிடும். அதனால் பாலிகார்பனேட் கண்ணாடி இல்லாமல் இழுக்கவே கூடாது, பக்கத்தில் நிற்பவரும் போட வேண்டும். சுவர், பலகை, மரம் எதையும் பின்தடுப்பாக வைக்காதீர்கள். எஃகு உண்டை வந்த வழியே திரும்பும். பெட்டிக்குள் தளர்வாகத் தொங்கும் பழைய போர்வையோ இரண்டு மடிப்பு ஜமுக்காளமோ அதை அப்படியே விழுங்கிவிடும். பழக்கத்துக்குக் காய்ந்த களிமண் உண்டையே போதும். சரளைக்கல் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒவ்வொன்றும் ஒரு பாதை.

உண்டை கவையிலோ கட்டைவிரலிலோ மோதினால், தோல் முறுக்கியிருக்கிறது அல்லது உண்டை நடுவில் இல்லை என்று பொருள். பலமான பட்டையில் மிக லேசான உண்டை போட்டால் மிச்ச விசை கையில் அடிக்கும். வெறும் தோலை இழுத்துவிடுவதும் அதே தப்புதான். பட்டை தோல் பக்கம் அறுந்தால் முன்னால் போகும். கவைப் பக்கம் அறுந்தால் சவுக்குபோல முகத்துக்கு வரும். எனவே ஒவ்வொரு முறையும் கவைக்கட்டு ஓரத்தில் சிறு கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பட்டை குப்பைக்கு. வெயிலும் எண்ணெயும் லேடெக்ஸைக் கெடுக்கும்.

குறுக்குவில்லுக்கு இரண்டே எச்சரிக்கை. அம்பில்லாமல் விசையைத் தட்டினால் வில்லின் கைகள் வெடிக்கலாம். நாண் ஓடும் தண்டவாளத்துக்கு மேலே கட்டைவிரல் நின்றால் விரல் போகும்.

சட்டம் நாட்டுக்கு நாடு விசித்திரம். பிரிட்டனில் 1987 சட்டப்படி 1.4 கிலோவும் அதற்கு மேலும் இழுவிசை உள்ள குறுக்குவில்லை 18 வயது ஆகாதவருக்கு விற்கக்கூடாது. ஜெர்மனியில் குறுக்குவில்லுக்கு வயது வந்தால் போதும். ஆனால் முன்கையில் தாங்கு வைத்த கவட்டைக்குத் தடை!

நம் ஊரில் கவட்டைக்காரர் முதலில் மாட்டுவது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில். அதில் ஆயுதம் என்பது துப்பாக்கி மட்டுமல்ல. விலங்கைக் காயப்படுத்தவோ கொல்லவோ கூடிய எந்தக் கருவியும் ஆயுதம்தான். வேட்டை என்ற சொல்லுக்குள் முயற்சியும் அடக்கம். கல் குறி தவறியது, புறா பறந்துவிட்டது என்பது பதிலாகாது. காக்கைக்கும் எலிக்கும் பாதுகாப்பு இல்லை என்று வைத்திருந்த ஐந்தாம் அட்டவணையும் 2022 திருத்தத்தில் போய்விட்டது. மனிதர் மேல் பட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு. ஒரு கண் பார்வை நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம், மூன்று ஆண்டு வரை சிறை.

பலருக்குத் தெரியாதது வன உயிரினச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு. எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். வேடந்தாங்கலுக்குப் போகும் வண்டியில் பையன்களின் பையை வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.