சிலைக்கு முன்னால் பென்சில் படம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. வள்ளுவருக்குப் புகைப்படம் கிடையாது. வேணுகோபால் சர்மா வரைந்த உருவம் கண்ணில் பதிந்திருப்பதால், தாடியும் கொண்டையும் அமைந்தாலே அவர் வள்ளுவர்தான். பெங்களூருவில் ஒரு பள்ளியோ சங்கமோ தன் நிறுவனருக்குச் சிலை வைக்கும்போது அப்படித் தப்பிக்க முடியாது. பேத்தி வந்து பார்த்து, "தாத்தா மாதிரியே இல்லையே" என்று சொல்லிவிடுவாள். பல சமயம் அந்தப் பிழை சிற்பி களிமண்ணைத் தொடுவதற்கு முன்பே, அவருக்காக வரையும் பென்சில் படத்திலேயே நுழைந்திருக்கும்.

முதலில் புகைப்படங்கள். கிட்டத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒதுங்கிவிடும். தள்ளி நின்று எடுத்த குரூப் போட்டோ மங்கலாக இருந்தாலும் அளவுக்கு அதுதான் நம்பகம். பக்கவாட்டுப் படம் ஒன்றாவது வேண்டும். 40 வயதுப் படத்தையும் 65 வயதுப் படத்தையும் கலக்கவே கூடாது. வயதாக ஆக மூக்கு நுனியும் காதுமடலும் இறங்கிவிடும்.

முகத்தைவிட முக்கியமானது பக்கவாட்டு அளவுப்படம். பலர் இதை வரைவதே இல்லை. உதாரணத்துக்கு, 9 அடி சிலை, 8 அடி பீடம், 20 அடி தள்ளி நிற்கும் ஆள். 1 அடிக்கு 1 அங்குலம் வைத்தால் மூன்றும் ஒரே ஏ1 தாளில் அடங்கும். தலை, உடல் உயரத்தில் ஏழரையில் ஒரு பங்கு, அதாவது சிலையில் 14.4 அங்குலம். ஆளின் கண்ணிலிருந்து சிலையின் முகத்துக்குக் கோடு இழுத்துப் பாருங்கள்: சுமார் 30 டிகிரி மேல்நோக்கிப் போகும். அந்தக் கோணத்தில் மோவாயும் மூக்குத் துவாரமும் முன்னால் வந்து நெற்றி குறுகிவிடும். மேசைமேல் அச்சு அசலாக இருந்த முகம் பீடத்தில் ஏறியதும் அந்நியமாவது இதனால்தான். தலையைச் சற்றுக் குனிய வைத்து, பார்வையையும் தாழ்த்தி வரைய வேண்டும். தலையைப் பெரிதாக்குவது அதற்கு அடுத்த வழி. முதலிலேயே அதில் இறங்கினால் உடம்பு குள்ளமாகிவிடும்.

கோட்டுக்கு 2எச் பென்சில், நிழலுக்கு எச்பி போதும். மென்மையான 6பி வைத்து மீசையைக் கறுப்பாக்கினால் படம் அழகாக இருக்கும், சிற்பிக்குப் பயன்படாது. வெண்கலத்துக்கு ஒரே நிறம். நரைமுடியும் கருமுடியும் அதில் ஒன்றுதான். இழையின் ஆழத்தைத்தான் காட்ட முடியும். கருவிழியும் ஒரு குழிதான், ஒளிப்புள்ளிக்காக மேலே சிறு மேடு விட்டு வரையுங்கள். கண்ணாடிக்குச் சட்டம் மட்டும் போதும், அதன் கனத்தைக் குறித்துவிடுங்கள்.

தாளின் ஓரத்தில், அளவு களிமண்ணுக்கா வெண்கலத்துக்கா என்று எழுதுங்கள். களிமண் உருவத்திலிருந்து அச்செடுத்து ஊற்றும் வெண்கல வார்ப்பு ஆறும்போது ஏறக்குறைய 2 சதவீதம் சுருங்கும். 108 அங்குலச் சிலைக்குக் களிமண் உருவம் 110 அங்குலம் இருக்க வேண்டும்.