அண்ணன் பாடும் அடிகள்

மார்ச் 4

இன்றும் அம்மா பேசவில்லை.

மார்ச் 6

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் அசைக்கிறவள், மாலையில் நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது ‘பாசமலர்’ படத்தின் ‘மலர்ந்தும் மலராத’ பாட்டைச் சொல் பிசகாமல் பாடினாள். தீக்குச்சி விரலைச் சுடும்வரை நான் அசையவில்லை. பேச்சுப் பயிற்சி அளிக்க வருபவரிடம் இதைச் சொன்னேன். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தது என்றும், ராகத்தோடு பதிந்த சொற்களுக்கு வலப்பக்கமும் துணை நிற்பதால் பக்கவாதம் வந்தவர்களில் சிலர் பேச முடியாததைப் பாடிவிடுவதுண்டு என்றும் அவர் விளக்கினார். இத்தனை பாட்டு இருக்க இந்தப் பாட்டு ஏன் என்று அவரிடம் கேட்க முடியாது.

மார்ச் 7

மாமாவுக்குச் சொல்லலாமா? யாரிடம் கேட்பது?

மார்ச் 9

‘பாசமலர்’ 1961 மே 27 அன்று வெளியானபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்குப் படம் வந்து சேர்வதற்குள் பத்தாகிவிட்டது. மணலில் மாமாவின் துண்டை விரித்து இருவரும் உட்கார்ந்ததையும், சாவித்திரி அழுததைவிட மாமா அதிகமாக அழுததையும் அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

இன்று மூன்று முறை பாடினாள். மூன்றாவது முறைதான் எனக்குப் புரிந்தது. அவள் சுசீலாவின் அடிகளை மட்டும் பாடுகிறாள். சௌந்தரராஜன் பாடவேண்டிய இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, இடக்கை விரலால் கட்டிலின் கம்பியில் தாளத்தைத் தட்டி, அந்த அடிகள் கடந்துபோகும் நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, தன் முறை வந்ததும் ‘சிறகில் எனை மூடி’ என்று சரியாக எடுக்கிறாள். கைப்பேசியில் பாட்டை ஒலிக்கவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். அரை நொடிகூடப் பிசகவில்லை. படத்தில் அண்ணன் ஓரிடத்திலும் தங்கை வேறோரிடத்திலும் அவரவர் குழந்தையைத் தாலாட்டுகிறார்கள். ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழுவதில்லை, கொட்டகையில் இருப்பவர்களுக்குத்தான் இரண்டும் சேர்ந்து ஒரு பாட்டாகக் கேட்கிறது. கண்ணதாசன் எழுதியதையும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி அமைத்ததையும் இத்தனை வருடம் கேட்டும் இதை நான் யோசித்ததே இல்லை.

மார்ச் 10

கஞ்சி அரை டம்ளர். இரத்த அழுத்தம் 150/90.

மார்ச் 13

இன்று எனக்குக் கோபம். இரண்டு சென்ட் மனைக்காகப் பதினோரு வருடமாகப் படியேறாத மனிதருக்காக இவள் ஏன் இடைவெளி விட்டுப் பாடவேண்டும்? பீம்சிங் ‘பாசமலர்’ எடுப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1959இல், எடுத்த படத்தின் பெயர் ‘பாகப்பிரிவினை’. எங்கள் குடும்பத்தில் வரிசை மாறிவிட்டது, முதலில் பாசமலர், பிறகு பாகப்பிரிவினை. இதையும் எழுதிவிடுகிறேன்: ‘பாசமலர்’ படத்தின் முடிவு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பார்வையிழந்த அண்ணன் ‘கை வீசம்மா கை வீசு’ என்று கதறுவதும், அண்ணன் போனால் தங்கையும் கூடவே போகவேண்டும் என்பதும் அழவைக்கின்றன, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் தாலாட்டில் குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்துவிட்டதைத்தான் அங்கே உரக்கச் சொல்கிறார்கள். சிவாஜியின் நடிப்பைக் குறை சொன்னால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்று சொல்லிப் பார்த்தேன். திருப்பிக்கொள்ளவில்லை.

மார்ச் 14

பாடவில்லை. இரவு முழுவதும் விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் 16

பாட்டில் மாமன் சீராகத் தங்கக் கடியாரமும் வைர மணியாரமும் வருகின்றன. என் சடங்குக்கு மாமா கொண்டுவந்தது சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கைக்கடிகாரம். பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தேன். தோல்வார் பொடிந்து உதிர்ந்தது, முள் நாலே காலில் நிற்கிறது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ‘வாராயென் தோழி’ ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. அதுவும் இதே படம்தான் என்பது அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் ஜன்னல் வழியாக வந்தும் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு.

மார்ச் 18

கோவில்பட்டிக்குப் பேசிவிட்டேன். மாமா எதுவும் கேட்கவில்லை, “போனை அவகிட்ட குடு” என்றார். அம்மாவின் காதருகே பிடித்தேன். “ஏட்டி, நான்தான். கேக்குதா?” அம்மா உதட்டை அசைத்தாள்; சொல் வரவில்லை. பிறகு பாடத் தொடங்கி, வழக்கமான இடத்தில் நிறுத்தினாள். மறுமுனையில் மாமா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அவர் பாடவில்லை. அந்த அடிகளின் நேரம் முடிந்ததும் அம்மா தன் அடியை எடுத்தாள்.

மார்ச் 19

வெள்ளிக்கிழமை வருவதாக மாமா மகன் சொன்னான். முழங்கால் வலியாம், முதல் பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால்தான் வருவாராம்.

மார்ச் 22

மணி ஒன்பதரை. முதல் பேருந்து வந்து போய்விட்டது என்று பால்காரர் சொல்கிறார். அம்மா இன்று இரண்டு முறை பாடிவிட்டாள், இப்போது மூன்றாவது முறை தொடங்குகிறாள். வாசலில் யாரோ